பேச்சு விளங்க ஒரு பெட்டி

வண்ணாத்திவில்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வளைகுடா நாட்டில் உழைக்கும் தம்பி, வீட்டுக்கு ஒரு 'ஹோம் தியேட்டர்' வாங்கும்படி பணம் அனுப்பியுள்ளாராம். கூடத்தில் பெரிய தொலைக்காட்சி ஏற்கெனவே இருக்கிறது. ஆயினும், இயந்திரப் படகின் இரைச்சலிலே முப்பது ஆண்டுகள் கடலோடிய வாப்பாவுக்கு அதன் பேச்சு விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினாலோ, பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கின்றன. பேச்சு மட்டும் அமுங்கியே கிடக்கிறது. இப்பொழுதெல்லாம் படம் தொடங்கினால் அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறாராம். புத்தளத்துக் கடையொன்றில் 'ஆயிரம் வாட்' என அச்சிட்ட பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். அதை வாங்கலாமா என்பதே கேள்வி.

வேண்டாம் என்பது நமது விடை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லுவோம்.

அட்டையில் அச்சிட்ட வாட் கணக்கு, அளந்த முறையைச் சொல்லாதவரையில் பொருளற்றது. ஒரே ஒலிபெருக்கியை, ஒரே சுருதியில், ஒரு கணம் அலறவிட்டு எடுத்த எண் ஒன்று. இரண்டு ஒலிபெருக்கிகளை, தாழ்ந்த நாதம் முதல் உச்ச நாதம் வரை, சிதைவின்றித் தொடர்ந்து இயக்கி எடுத்த எண் வேறொன்று. பின்னது முன்னதில் பாதியாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தடுக்க அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1974இல் விதியே வகுக்க வேண்டியிருந்தது. நம்மூர்க் கடை அட்டைகளை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை! விவரப் புத்தகத்தில் '20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, இரண்டு வழிகளும் இயங்க' என்று தெளிவாக எழுதிய ரிசீவரின் 70 வாட், ஆயிரத்தை விட மேலானது.

அந்த எழுபதும் ஒரு சாதாரண கூடத்துக்கு மிகுதியே. நடுத்தரமான ஒலிபெருக்கி ஒன்று, ஒரே ஒரு வாட்டைக் கொண்டு ஒரு மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபெல் ஒலி தரும். மனிதர் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவில்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்றே டெசிபெல். ஆகவே நூறு வாட் பெட்டியை விட்டு இருநூறு வாட் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர், காது அரிதாகவே உணரும் வித்தியாசத்துக்குக் கொடுக்கிறார்.

வாப்பாவின் குறையோ சத்தக் குறைவு அல்ல. இக்காலத்து மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பதிந்திருக்கிறது; பேச்சு சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. பழைய வால்வு வானொலிக்கு ஒரே ஒலிபெருக்கிதான். அது நம் முகத்தைப் பார்த்துப் பேசியது! படங்களின் ஒலியில் உரையாடலுக்கென்றே நடு வழி ஒன்று உண்டு. ரிசீவர் என்பது தொலைக்காட்சியின் ஒலியைப் பெற்று, வழி வழியாகப் பிரித்து, பலப்படுத்தி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் பெட்டி. அது நடு வழியைத் தனி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது. அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் உயர்த்திவிடலாம். சண்டை இருந்த இடத்திலேயே இருக்கும், பேச்சு முன்னே வரும். இரு வழியில் மட்டும் வரும் சாதாரண ஒலிபரப்பிலும், இரண்டுக்கும் பொதுவான பேச்சைப் பிரித்து நடுவுக்குத் தரும் உபாயம் 1987இல் வந்த டொல்பி புரோ லொஜிக் காலம் முதலே இருக்கிறது.

ஆதலால் சகோதரி கேட்டு வாங்கவேண்டியது ஐந்து வழி கொண்ட, எளிய, தனி ரிசீவர் ஒன்று. ஐந்து ஒலிபெருக்கிகளையும் இன்றே வாங்க வேண்டியதில்லை. முன்னே இரண்டு, நடுவே ஒன்று, இப்போதைக்குப் போதும். பின்னால் வைக்கும் இரண்டும் அடுத்த பெருநாளுக்குக் காத்திருக்கட்டும். நடு ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியின் கீழே, கேட்பவரின் காதை நோக்கி வைக்க வேண்டும். வாப்பா பாயில் அமர்பவரானால் அதற்கேற்பச் சாய்த்து வையுங்கள். அப்படியே அவரை ஒரு காது வைத்தியரிடம் காட்டுவதும் நன்று.

தொலைக்காட்சியிலும் ரிசீவரிலும் எச்.டி.எம்.ஐ. துளையருகே 'ஏ.ஆர்.சி.' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2009க்குப் பின் வந்த இந்த வசதி இருந்தால் ஒரே கம்பி போதும். இல்லாவிடினும் கவலையில்லை, ஒளிக்கம்பி உண்டு. கடைக்காரர் பெட்டித் தொகுதியின் பழைய ஒலிபெருக்கிகளை மலிவாகத் தருகிறேன் என்றால் ஏற்கவேண்டாம். அவை பல மூன்று நான்கு ஓம் கொண்டவை. ஆறு அல்லது எட்டு ஓமுக்குச் செய்த ரிசீவரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

பாவித்த ரிசீவரும் நல்ல கொள்வனவே. பின்புறத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு. ஜப்பானில் விற்கப்பட்டது 100 வோல்ட் எனக் காட்டும். அதை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றைக்கே முடிந்துவிடும். தகுந்த மின்மாற்றியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தம்பி அங்கிருந்தே அனுப்புவதானாலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதை உறுதிசெய்யட்டும். சவூதி அரேபியாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். பெயருக்கும் மயங்கவேண்டாம்: 1946இல் தோன்றிய ஒன்கியோவின் வீட்டுக்கருவி நிறுவனமே 2022 மே மாதத்தில் வங்குரோத்தாயிற்று. புத்தளத்தில் இதைத் திருத்தக் கூடியவர் யார் என்று, பணம் கொடுக்கும் முன்னரே விசாரியுங்கள்.

இனி ஊரின் சங்கதி. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இதே மாவட்டத்தில் நிற்கிறது. அதற்காக மின்சாரம் நம்மிடம் தனிப் பரிவு காட்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை வெட்டு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருள். மின்சாரம் போனவுடன் செருகியைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் சில நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். உப்புக் காற்றும் வெக்கையும் உள்ள கரையில், ரிசீவரைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி, மேலே பின்னல் விரிப்புப் போட்டு அலங்கரிப்பது அதன் மூச்சை அடைப்பதாகும். மேற்புறம் ஒரு சாண் இடைவெளி அவசியம். ஆண்டுக்கொருமுறை தூசியையும், பல்லி முட்டையையும் அகற்றவேண்டும்.

சித்திரை வைகாசியிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் மிகும். அப்போது மின்செருகியை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோர் பலர். கூரையிலுள்ள டிஷ் அன்ரெனாவிலிருந்து வரும் கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும். அதையும், தொலைக்காட்சியையும் ரிசீவரையும் இணைக்கும் கம்பியையும் மழை இருட்டும்போதே கழற்றி வைத்துவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடவே கூடாது.