பிள்ளையின் சாவுக்கு ஏன் பாலிசி?

கீழச்சிவல்பட்டிப் பக்கம் நம் தெருக்களுக்கு வரும் ஏஜென்டுகள் இப்போது பதினாறு வயதுப் பிள்ளைக்கும் பாலிசி போடச் சொல்கிறார்கள். "நாளைக்கு ஒண்ணுன்னா காரியச் செலவுக்காவது ஆகும்ல?" அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. பந்தல், ஃப்ரீசர் பாக்ஸ், கருமாதி எல்லாமே வட்டிக்கு வாங்கித்தான் நடக்கிறது. (கருமாதி விருந்தைக் குறைக்கச் சொன்னால் பெரியவர்கள் கோபிக்கிறார்கள், அது தனிச் சண்டை.)

ஆனாலும் வேண்டாம் என்கிறோம். ஏழைகளின் சாவுப் பயத்தை விற்பது பழைய வியாபாரம். அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் ஈமச் செலவுக்காக வாராவாரம் சில்லறைக் காசு கட்டின. 1881-ல் புரூடென்ஷியல் நிறுவனம் அதே பிரீமியத்துக்கு அவர்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு தொகையைக் குறைத்தது.

காரியச் செலவு ஒரு தடவைதான். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா போய்விட்டால் பிள்ளையின் படிப்பே நின்றுவிடும். அதனால் சம்பாதிக்கிறவர் உயிருக்குத்தான் காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்கள் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால், இறப்புக்கு 2 லட்சம் கிடைக்கும். விபத்துக்கான சுரக்ஷா திட்டத்துக்கு 20 ரூபாய். அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து 912 ரூபாய். வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்கு இருந்தால் போதும்.

பணம் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். இருப்பு இல்லையென்றால் காப்பீடு அறுந்துவிடும். தோழர்களே, இந்த மே மாதம் அம்மாவின் பாஸ்புக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.