சுக்கான் மிதி வாங்குதல் தகுமா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அம்மி பறக்கக் கண்டார் எவருமிலர். ஆயினும் அக்காற்றில் விமானம் இறங்குவதைக் காண விரும்புவோர், நம் புத்தூரினின்று புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தருகே சிறிது பொழுது நிற்பாராயின் ஓர் அரிய காட்சியைக் காண்பர். அந்நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றோ சில நாட்களில் பாதைக்கு நேராக வாராது, தென்மேற்கினின்று சாய்ந்து வீசும். அந்நாட்களில் விமானம் தன் மூக்கைக் காற்றின் பக்கம் சிறிது திருப்பிக்கொண்டே வந்து, நிலத்தைத் தொடும் தறுவாயில் பாதைக்கு நேராக நிமிரும். அங்ஙனம் நிமிர்த்துவது விமானியின் கையன்று, அவரது கால்.

தோணிக்குச் சுக்கான் எப்படியோ அப்படியே விமானத்திற்கும் வாலில் நிற்கும் பலகையொன்று உண்டு. அதனை இரு பாதங்களாலும் இயக்குதற்கு அமைந்த கருவியை ஆங்கிலத்தில் ரட்டர் பெடல் என்பர். ஈண்டு நாம் அதனைச் சுக்கான் மிதி என்போம். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஸிமுலேட்டர் விளையாட்டுக்கென்றே இம்மிதிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. மாணவ நண்பரொருவர், மாலை வேளைகளில் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லி ஈட்டிய பொருளைக் கையிற்கொண்டு, "ஐயா, இதனை வாங்கலாமா?" என்று என்னை வினவினார். விமானியாக வேண்டுமென்பது அவர் நெடுநாளைய ஆசை. யானும் சில ஆண்டுகள் இப்பொழுதுபோக்கிற் பழகியவனாதலின், அவர்க்குக் கூறிய விடையை இவ்விதழின் வாசகர்க்கும் கூறத் துணிந்தேன்.

முதற்கண் இம்மிதியின் பயன் யாதென அறிதல் வேண்டும். விமானத்தை வலப்புறம் திருப்பக் கருதி இறக்கைகளைச் சாய்க்குங்கால், மேலெழும் இடது இறக்கை மிகுதியான காற்றுத் தடையைப் பெறுகிறது. அதனால் மூக்கு வலப்புறம் திரும்புவதற்கு மாறாக முதலில் இடப்புறம் இழுக்கப்படும். இதனைத் திருத்துவது சுக்கான். ரைட் சகோதரர் இவ்வுண்மையை 1902ஆம் ஆண்டில் தம் சறுக்கு விமானத்தால் பட்டறிந்தனர். முதலில் அசையாத வாலை வைத்தனர். அது போதாமை கண்டு அசையும் சுக்கானாக்கி, இறக்கையை முறுக்கும் கயிற்றோடு அதனைப் பிணைத்தனர். ஒன்றை அசைத்தால் மற்றதும் தானே அசையும். அப்பிணைப்போடுதான் 1903இல் அவர்கள் விமானம் பறந்தது. ஆயினும் 1905இல் அப்பிணைப்பை அவர்களே அவிழ்த்துச் சுக்கானைத் தனியே இயக்கும்படி செய்தனர். இரண்டும் எப்பொழுதும் ஒரே அளவிற் சேர்ந்து அசைதல் தகாது என்பதை அனுபவம் கற்பித்தது.

இஃதன்றி, முன்னே ஒரு சுழல்விசிறியுடைய சிறு விமானங்களுள் பல, முழு விசையோடு தரையினின்று எழும்போது இடப்புறம் இழுக்கும் இயல்பின. வலக்காலால் அதனைத் தடுத்தல் வேண்டும். சுழன்று வீழும் விமானத்தை மீட்பதற்கும், ஓர் இயந்திரம் நின்றபோது நேரே செலுத்துதற்கும் காலே துணை. ஹெலிகாப்டரிலோ கால் ஓயும் நேரமே இல்லை.

இவ்வளவு பயனுடையதாயின் உடனே வாங்குக என்று கூறிவிடலாமே எனின், அவசரம் வேண்டா. காலின்றியும் விமானம் ஓட்டலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1937இல் அமெரிக்காவில் முதன்முதற் பறந்த எர்கூப் என்னும் சிறு விமானத்தில் சுக்கான் மிதியே வைக்கப்படவில்லை. மோட்டார் வண்டிபோலச் சக்கரத்தைத் திருப்பினால் இறக்கையும் சுக்கானும் ஒருங்கே இசைந்தன. அது ஆயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. வீட்டு ஸிமுலேட்டர்களிலும் இத்தகைய தானியங்கு இசைவு அமைந்திருக்கிறது. மேலும் ஜாய்ஸ்டிக்குகள் பலவற்றில் பிடியையே முறுக்கிச் சுக்கானை அசைக்கும் வசதியும் உண்டு. நம் ஊர் நிலையத்திற்கு வந்து போகும் ஏர்பஸ், போயிங் ஜெட் விமானங்களைப் போன்றவற்றையே ஓட்ட விரும்புவோர், வானில் ஏறியபின் மிதியைத் தொடும் சமயம் மிகச் சில. அப்பணியை விமானத்தின் கருவிகளே செய்துகொள்கின்றன. அன்னார்க்கு மிதி ஆடம்பரமேயாம்.

ஆகவே வாங்குமுன் ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

யான் ஓட்டுவது எத்தகைய விமானம் என்பது முதற் கேள்வி. சிறிய விசிறி விமானம், வாற்சக்கரமுடைய பழைய விமானம், ஹெலிகாப்டர் ஆகியவற்றிற்கு மிதி மெய்யாகவே வேண்டும். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது பிற்பாடு ஆகலாம்.

இப்போதுள்ள கருவியின் எல்லையை யான் அடைந்துவிட்டேனா என்பது இரண்டாம் கேள்வி. தானியங்கு இசைவை நீக்கிவிட்டு, முறுக்குப் பிடியினாலேயே ஒரு திங்கள் பழகுக. கருவிப் பலகையில் வளைந்த குழாயினுள் ஓர் உருண்டை இருக்கும். திரும்பும்போது அவ்வுருண்டையை நடுவில் நிறுத்த முயல்க. 20 நாட் வேகமுடைய காற்று ஓடுபாதைக்கு 30 பாகை சாய்ந்து வீசுவதாக அமைத்துக்கொண்டு இறங்கிப் பார்க்க. அக்காற்றில் 10 நாட் குறுக்கே தள்ளும். இவ்வாறு பழகியபின்னும், மணிக்கட்டை முறுக்குங்கால் பிடி தானே சாய்ந்து இறக்கையையும் சாய்த்துவிடுகிறது என்னும் குறை நும்மை வருத்துமாயின், மிதியின் தேவை மெய்யானது. உருண்டை எங்கே நிற்கிறது என்று ஒருநாளும் பாராதவனுக்கு மிதி வாங்கியும் பயனில்லை.

அதனை வைத்துக்கொள்ள இடமும் இருக்கையும் உளவா என்பது மூன்றாம் கேள்வி. இது சிறிய விஷயமெனத் தோன்றும். ஆயினும் பலர் ஏமாறுவது இங்கேதான். வழுக்கும் மொசைக் தரையில் மிதியை உதைத்தால் அது பின்னே நகரும். சக்கரமுள்ள நாற்காலியாயின், மிதி நிற்க நாம் நகர்வோம்! யான் என் மிதியை முதல்நாள் அழுத்தியபோது, விமானம் திரும்பாது, யான் சுவரில் முட்டிக்கொண்டேன். பின்னர் ரப்பர் விரிப்பிட்டு, மிதியின் பின்னே சுவரளவும் பலகையை அண்டக் கொடுத்து, சக்கரமில்லா நாற்காலியில் அமர்ந்தே அமைதி பெற்றேன்.

விமானியாக விழைவோர்க்கு இன்னுமொன்று கூறுவேன். வீட்டில் எத்தனை நூறு மணி ஓட்டினும், உரிமத்திற்கு வேண்டிய பறப்பு நேரத்தில் அதில் ஒரு மணியும் சேராது. வீட்டு மிதியில் சுருள்வில்லின் எதிர்ப்பே உண்டு. வேகத்திற்கேற்ப மாறும் காற்றின் கனம் அதில் இல்லை. உடல் ஒருபுறம் சரிவதை இருக்கையில் உணர்தலும் இல்லை. எனவே எக்கால் எப்போது என்னும் ஒழுங்கை அது கற்பிக்கும். எவ்வளவு என்னும் அளவைக் கற்பியாது. அளவறியாமை சிறு குற்றமன்று. 2001ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நியூயார்க்கில் எழுந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானமொன்று, முன்சென்ற விமானம் எழுப்பிய காற்றுச் சுழலிற் பட்டது. துணை விமானி சுக்கானை மாறி மாறி மிகையாக அழுத்தவே, வாற்பலகை முறிந்து விமானம் வீழ்ந்தது. அதிலிருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் மாண்டனர். மிதியின் அமைப்பும், அவர் பெற்ற பயிற்சியின் குறையும் அதற்குத் துணைக் காரணங்களென விசாரணையிற் கண்டனர். பழகாத காலினும் தவறாகப் பழகிய கால் கொடிதென்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

இவற்றைக் கேட்டு, விளையாட்டுக் கருவியால் ஒரு நன்மையும் இல்லையென எண்ணற்க. எட்வின் லிங்க் என்பார் 1929இல் அமைத்த பயிற்சிப் பெட்டியும் தரையை விட்டு அகலாத விமானமே. அவர் குடும்பத்தார் ஆர்கன் வாத்தியம் செய்பவர். அவ்வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே அப்பெட்டியைச் சாயவும் திரும்பவும் செய்தார். இரண்டாம் உலகப்போரில் எண்ணிறந்த விமானிகள் அதில் அமர்ந்து கற்றனர். நம் அருகிலுள்ள உறையூரின் குழித்தறியிலும் இவ்வுண்மையைக் காணலாம். நெசவாளர் கையால் நாடாவைச் செலுத்துங்கால் காலால் மிதியை மாற்றுகின்றார். கால் செய்வதைக் கண் பார்ப்பதில்லை. கையும் காலும் இங்ஙனம் ஒன்றையொன்று எண்ணாமலே இசைவது பழக்கத்தால் வருவது, விலைகொடுத்து வாங்குவதன்று.

ஆதலின் என் முடிவு இது. சிறு விமானம் ஓட்டுவோராய், மேற்கூறிய ஒரு திங்கட் சோதனையில் தேறியோராய் உள்ளவர் வாங்குக. வாங்கியபின் தானியங்கு இசைவை நீக்கிவிட்டே பழகுக. ஏனையோர் பொறுத்திருக்க. பெற்றோர் அனுப்பும் உணவுப் பணத்திலோ கடன் பெற்றோ ஒருவரும் வாங்கற்க. விடுதியில் இவ்விருப்பமுடையார் நால்வர் இருப்பின், பொருளைக் கூட்டி ஒன்றே வாங்கி முறைவைத்துப் பழகுதல் மிக நன்று. ஒருவர் ஓட்ட மற்றவர் உருண்டையை நோக்கிக் குற்றங் கூறுவாராயின், தனியே பழகுவதினும் விரைவிற் கற்கலாம்.

அம்மாணவ நண்பர் என் விடையைக் கேட்டுப் பணத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். ஒரு திங்கள் கழித்து வந்து, "ஐயா, உருண்டை இப்போது நடுவில் நிற்கிறது, ஆயினும் என் மணிக்கட்டு நோகிறது" என்றார். "இனி வாங்குக" என்றேன்.