கியர் மாறவில்லையா? கியரை மாற்றாதீர்கள்!

துவிச்சக்கரவண்டியின் கியர் ஒழுங்காக மாறவில்லை என்று திருத்தகத்துக்குப் போனால், "முழு செற்றையும் மாற்றவேண்டும்" என்பதே இப்போது முதல் பதில். இதில் அறியாமை பாதி, வியாபாரம் பாதி.

1984இல் சிமானோ நிறுவனம் 'டுரா ஏஸ்' தொகுதியில் 'கிளிக்' கியரைக் கொண்டுவந்தது. ஒரு கிளிக்குக்குக் கேபிள் இவ்வளவுதான் நகரவேண்டும் என்பது அதன் கணக்கு. புதிய கேபிள் சில வாரங்களில் சற்றுத் தளரும், கணக்குப் பிழைக்கும், செயின் பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கும். பெரும்பாலான வண்டிகளில் பின் கியருக்குள் கேபிள் நுழையுமிடத்தில் ஒரு திருகு உண்டு. பின்னாலிருந்து பார்த்து, அதனை இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லை.

சிறிய பற்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால், உறைக்குள் துரு ஏறியிருக்கலாம். கேபிளையும் உறையையும் மாற்றினால் போதும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், கியரைத் தாங்கும் கொளுவி வளைந்திருக்கலாம். அதை மட்டும் நிமிர்த்தலாம் அல்லது மாற்றலாம். எச், எல் திருகாணிகளைக் கண்டபடி திருகவேண்டாம். அவை செயின் எல்லை தாண்டாமல் காப்பவை. பிழைத்தால் செயின் சக்கரக் கம்பிகளுக்குள் விழும்.

தேய்ந்த செயினையும் பற்சக்கரத்தையும் மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசிப் படி.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் இலங்கையரைச் சுமந்தது இந்த வண்டிதான். அன்றாடம் உழைத்துண்பவனிடம் தேவையற்ற உதிரிப்பாகத்தை விற்பது அவன் வயிற்றிலடிப்பதற்குச் சமம். "முதலில் கேபிளைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். பார்க்க மறுப்பவரிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.