பெண்ணை ஓசூருக்கு அனுப்பலாமா?

சாத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் டிப்ளமோ முடித்திருக்கிறாள். கேம்பஸ் இன்டர்வியூவில் ஓசூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பஸ் எல்லாம் கம்பெனியே தருகிறதாம். ‘அந்த ஊர் எப்படி? பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்பலாமா? ரெண்டு வருஷம் போயிட்டு வந்தா கல்யாணச் செலவுக்கு ஆகும்னு அவ அப்பா சொல்றாங்க’ என்று முடித்திருக்கிறார்.

அனுப்பலாம். இதைச் சொல்ல நான் ரொம்ப யோசிக்கவில்லை. ஆனால் ‘ஊர் எப்படி’ என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கடைசி வரி பற்றியும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் பேரைக் கேட்பதற்கு முன்னால் ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். ஓசூர் என்று பதில் வந்தால்தான் ஆச்சரியப்படுவார்கள். இங்கே இருக்கிற பெரும்பாலோர் எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள்தான். ராகியும் ரோஜாவும், 1824-ல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணையுமாக இருந்த ஊர் இது. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது. நம் தாத்தாக்கள் மூட்டை கட்டி ஓட்டிய டி.வி.எஸ். 50 அதே 1980-ல் இந்த ஊரிலிருந்துதான் ரோட்டுக்கு இறங்கியது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தார்கள். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் உண்டானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு.

டைட்டன் ஆரம்பித்த காலத்துக் கதை ஒன்றை சாத்தூர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். வாட்ச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. அதனால் பள்ளிக்கூடம் முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கு ஊர் ஏக்கம். கம்பெனி வீடுகளை வாடகைக்கு எடுத்தது. அங்கே பிள்ளைகளோடு தங்கி, வேளைக்குச் சாப்பிட்டார்களா, காய்ச்சலா, அழுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளப் பெரியவர்களை, வளர்ப்புப் பெற்றோர் மாதிரி, அமர்த்தியது. அந்தப் பிள்ளைகள் இப்போது ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பலர் இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அந்தப் பிள்ளைகள் இன்று எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். வேலைக்கு வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனது அப்படித்தான்.

இப்போது வருகிற பெண்களின் எண்ணிக்கையே வேறு. ஒரே விடுதி வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்குகிறார்கள். தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல் ஓரமெல்லாம் தூக்கம். விடுதி வாசலில் ஏறி, கம்பெனி வாசலில் இறங்கி, திரும்பவும் அதே பஸ். இப்படி இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்ட் எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஊருக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஊர் என்பது ஒரு கட்டில்தான்.

அதனால், அம்மா, நீங்கள் விசாரிக்க வேண்டியது ஓசூரை அல்ல. அந்த விடுதியை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2025 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு பெண்கள் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தது. அங்கே தங்கியிருந்த பெண்கள் திரண்டு வெளியே வந்து போராடிய பிறகு ஊரே அதைப் பேசியது, கைதும் நடந்தது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட இருந்தவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டிலும் பிரச்னை வெடித்தது தொழிற்சாலைக்குள் அல்ல, தங்குமிடத்தில். நாம் என்னடாவென்றால் கம்பெனி பேரை மட்டும் கேட்டுவிட்டு ‘பெரிய கம்பெனிதான்’ என்று சமாதானமாகிவிடுகிறோம். விடுதியை நடத்துவது பல இடங்களில் வேறு யாரோ.

தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கென்று 2014-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கலெக்டரிடம் உரிமம் வாங்கித்தான் விடுதி நடத்த வேண்டும். ‘லைசென்ஸ் இருக்கா, காட்டுங்க’ என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒரு ரூமில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், ஒரே ரூமில் வேறு வேறு ஷிஃப்ட் பெண்களைப் போடுகிறார்களா என்பது. இதை யாரும் கேட்பதில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவள் படுக்கும்போது ஜெனரல் ஷிஃப்ட்காரி பக்கெட்டை உருட்டுவாள், லைட் போடுவாள். மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லையென்றால் எந்த வேலையும் வெறுத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக விடுவார்களா? விட மாட்டோம், அதுதான் பாதுகாப்பு என்று பெருமையாகச் சொன்னால் நான் அந்த இடத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. பிரச்னை என்றால் யாரிடம் சொல்வது என்பது உங்கள் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை இன்றே அவள் போனில் போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது காகிதம். ‘வேலை கிடைச்சிருச்சு’ என்று சொல்வதற்குள் அந்த லெட்டரை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். அதில் மூன்று விதம் வரலாம். கம்பெனியே நேரடியாக எடுக்கும் வேலை ஒன்று. ஒப்பந்ததாரர் பெயரில் வரும் வேலை இன்னொன்று. மூன்றாவது அப்ரன்டிஸ். அப்ரன்டிஸ் என்றால் 1961-ம் வருடச் சட்டத்தின்படி அது பயிற்சி, கிடைப்பது உதவித்தொகை. பொதுவாக பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, கம்பெனிக்குக் கிடையாது. அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடந்தால் கையில் தொழிலும் சான்றிதழும் மிஞ்சும். ஆனால் அப்ரன்டிஸாகப் போகிற பிள்ளை அது நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஒரு வருடம் கழித்து ‘முடிஞ்சுது, கிளம்பலாம்’ என்றால் தன்மேல் ஏதோ குறை என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள். அவளிடம் குறையே இருந்திருக்காது.

வேலை என்றால் சம்பளச் சீட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. பெண்ணின் சம்பளத்தில் 0.75 சதவிகிதம்தான் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவிகிதம் போடும். ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. பி.எஃப். பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பதை ‘உமங்’ ஆப்பில் அவளே பார்த்துக்கொள்ளலாம். யாராவது வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றாலும் அப்படித்தான். காட்டலாம், நகல் கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

லெட்டரில் ‘ஓசூர்’ என்று இருப்பதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். எங்கள் பக்கம் ‘ஓசூர் வேலை’ என்பது சூளகிரியாக இருக்கலாம், குருபரப்பள்ளியாக இருக்கலாம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய ஏதோ ஒரு கிராமமாகவும் இருக்கலாம். ஓலா ஸ்கூட்டர் ஆலை கிருஷ்ணகிரியையும் தாண்டி போச்சம்பள்ளியில் இருக்கிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கே ஐம்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலும் கிடையாது. கம்பெனி பஸ் விடுதி வாசலில் இறக்குமா, மெயின் ரோட்டிலா? குளிர்காலத்தில் ராகி அறுவடை சமயம் சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. சாத்தூர்ப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பாஷைக்குப் பயப்பட வேண்டாம். இங்கே ஒரு மளிகைக் கடையில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தே எந்த பாஷை என்று முடிவு செய்வார், பாதி நேரம் தப்பாக. இந்தத் தமிழும் சாத்தூர்த் தமிழ் மாதிரி இருக்காது. நாலு வார்த்தை கன்னடமும் தெலுங்கும் கற்றுக்கொண்டால் லைனில் பக்கத்தில் நிற்கும் பெண் தோழி ஆகிவிடுவாள். நைட் ஷிஃப்ட்டில் தலை சுற்றினால் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கப்போவது அந்தப் பெண்தானே.

எல்லை என்பது என்ன என்று பஸ்ஸில் ஏறினால் புரியும். ஓசூர் டவுன் பஸ்ஸில், சாதாரணக் கட்டண பஸ் என்றால், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அத்திப்பள்ளியில் எல்லையைத் தாண்டி பெங்களூரு பஸ் ஏறினால் காசு கொடுக்க வேண்டும். அங்கே 2023 ஜூனில் வந்த ‘சக்தி’ இலவசப் பயணம் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும்தான். பெங்களூரு மெட்ரோ 2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூருக்கு வரும் என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ‘ஓசூர் வேணாம், பெங்களூர்லயே ரூம் எடுத்துக்கறேன்’ என்று சில பிள்ளைகள் கிளம்புவார்கள். முதல் வருடத்தில் அது வேண்டாம். வாடகையும் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்து சம்பளத்தையும் தூக்கத்தையும் தின்றுவிடும்.

அனுப்புகிற அன்று பெற்றோர் கூடவே வாருங்கள். தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது, ஓசூரில் நிற்கும். விடுதியில் சாமான்களை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடாமல் அவளை ஊருக்குள் கூட்டிக்கொண்டு நடங்கள். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், மகளிர் போலீஸ் ஸ்டேஷன், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி நான்கையும் அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நேரம் இருந்தால் சந்திரசூடேஸ்வரர் மலைமேல் ஏறுங்கள். அங்கிருந்து முழு ஓசூரும் தெரியும்; தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு திசை கிடைக்கும்.

இனி அந்த ‘ரெண்டு வருஷம்.’

பெண் வரும்போதே திரும்பிப் போகும் தேதியோடு வந்தால், கம்பெனிக்கும் அது வசதி. சம்பள உயர்வு கேட்க மாட்டாள், மேற்கொண்டு தொழில் கற்றுக்கொள்ள மாட்டாள், தப்பு நடந்தால் ‘இன்னும் கொஞ்ச நாள்தானே’ என்று பொறுத்துக்கொள்வாள். அவள் போனால் இன்னொரு பத்தொன்பது வயது வரும். அந்தப் பழைய டைட்டன் பிள்ளைகளுக்குக் கிடைத்து இவர்களுக்குக் கிடைக்காமல் போவது இதுதான்: தங்கிவிடலாம் என்ற எண்ணம். உங்கள் பெண் இரண்டு வருடத்தில் திரும்பி வரலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம். அதை அவள் இங்கே ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். லைனிலிருந்து குவாலிட்டிக்கோ மெயின்டனன்ஸுக்கோ மாற முடியுமா என்று கேட்கட்டும். டிப்ளமோ படித்தவள், வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்க வழி இருக்கிறதா என்று விசாரிக்கட்டும்.

ஒரு வருடம் கழித்து மூன்று, நான்கு தோழிகள் சேர்ந்து வீடு எடுக்கிறோம் என்று போன் வந்தால் பதறாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பது 2017-ம் வருடத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். இங்கே பெங்களூரு பழக்கத்தில் பத்து மாதம் கேட்கிறவர்களும் உண்டு. பேரம் பேசலாம். நான்கு பெண்கள் சேர்ந்து சமைத்து, கேஸ் புக் பண்ணி, வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர்ச் சண்டை போடும் நாளில்தான் அவர்களுக்கு இந்த ஊரில் ஒரு முகவரி உண்டாகிறது.

கடைசியாக, சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு. அது அவளிடமே இருக்கட்டும். அப்பா வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்புகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கக்கூட அடுத்தவரிடம் கைநீட்டுவார்கள். வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை அவள் வாயால் சொல்லட்டும். முதல் சம்பளத்தில் ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கச் சொல்லுங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஐந்து மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது சாத்தூரிலிருந்து கொண்டுவந்த போர்வை எதற்கும் ஆகாது.