கடைசி வரியில் காணாமல் போகும் 5 கோடி

மாநிலங்களை ஒப்பிடும் எந்த அட்டவணையை எடுத்தாலும் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இந்தியா - சராசரி'. படிப்பவர் கண் முதலில் தேடுவது தன் மாநிலத்தை. அடுத்து இந்த வரியை. அதற்கு மேலே இருந்தால் ஆளும் கட்சி மார்தட்டும். கீழே இருந்தால் எதிர்க்கட்சிக்குக் கொண்டாட்டம். இத்தனை செல்வாக்குள்ள வரி எப்படித் தயாராகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தயாராக இரண்டு விநாடி போதும். எக்ஸெல்லில் எண்கள் முடியும் இடத்துக்குக் கீழே 'ஆவரேஜ்' என்று தட்டினால் விடை வந்து விழும். கூட்டலில் பிழை இருக்காது, வகுத்தலிலும் இருக்காது. ஆனாலும் விடை தப்பு.

2011 சென்சஸின் எழுத்தறிவு விகிதத்தைப் பார்க்கலாம். கேரளம் 94 சதவீதம். பீகார் 61.8. அப்போதிருந்த 28 மாநிலங்கள், 7 யூனியன் பிரதேசங்களின் விகிதங்களைக் கூட்டி 35ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 78 வருகிறது. சென்சஸ் தரும் தேசிய விகிதமோ 73தான்.

காரணம் எளிது. லட்சத்தீவின் விகிதம் 91.8, மக்கள்தொகை 64 ஆயிரத்துச் சொச்சம். உத்தரப் பிரதேசத்தின் விகிதம் 67.7; மக்கள்தொகை ஏறத்தாழ 20 கோடி. ஆவரேஜின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆளுக்கு ஓர் ஓட்டு. கோவா, மிசோரம், சண்டிகர், அந்தமான் என்று சிறிய பிரதேசங்கள் பலவும் படிப்பில் முன்னே நிற்க, ஜனத்தொகை மிகுந்த வட மாநிலங்கள் பின்தங்கியிருக்கின்றன. சராசரி மேலே ஏறாமல் என்ன செய்யும்?

ஐந்து சதவீதப் புள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. எழுத்தறிவு கணக்கிடப்படுவது 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்து. 2011இல் அவர்கள் சுமார் 105 கோடிப் பேர். அதாவது, எழுதப் படிக்கத் தெரியாத 5 கோடிப் பேரை அந்தக் கடைசி வரி சத்தமில்லாமல் படிக்க வைத்துவிடுகிறது! எந்த அறிவொளி இயக்கமும் செய்யாத சாதனை. இன்னொரு பக்கம், மேற்கு வங்கம் (76.3), பஞ்சாப் (75.8), ஹரியானா (75.6), கர்நாடகம் (75.4) ஆகியவை தேசிய அளவைத் தாண்டியிருந்தும் வரைபடத்தில் சராசரிக்குக் கீழே தள்ளப்படுகின்றன.

மக்கள் நெருக்கத்தில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகிறது. அதே சென்சஸ்படி சதுர கிலோமீட்டருக்கு டெல்லியில் 11,320 பேர், அருணாசலப் பிரதேசத்தில் 17 பேர். முப்பத்தைந்தையும் கூட்டி வகுத்தால் சுமார் 1,100. உண்மையான இந்திய நெருக்கம் 382. ரயிலில் தொங்கிக்கொண்டு போகும் மேற்கு வங்கம் (1,028) சராசரியைவிடக் காற்றோட்டமான மாநிலம் என்றாகிவிடும்!

சரியான வழி, விகிதங்களையே கூட்டாமல் இருப்பது. படித்தவர்களைத் தனியே கூட்ட வேண்டும், 7 வயதைத் தாண்டியவர்களைத் தனியே கூட்ட வேண்டும், பிறகு வகுக்க வேண்டும். கையில் விகிதங்கள் மட்டுமே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எடை தர வேண்டும். எழுத்தறிவுக்கு எடை 7 வயதைத் தாண்டிய மக்கள். நெருக்கத்துக்கு எடை நிலப்பரப்பு. எக்ஸெல்லில் இதற்கென்றே 'சம்ப்ராடக்ட்' இருக்கிறது: விகிதத்தையும் எடையையும் வரிக்கு வரி பெருக்கிக் கூட்டித் தரும். அதை எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வேலை முடிந்தது. ஒரு பத்தி கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவே.

எளிய சராசரி எப்போதுமே தப்பு என்றும் சொல்ல முடியாது. கேள்வி மக்களைப் பற்றியதாக இல்லாமல் மாநில அரசுகளைப் பற்றியதாக இருந்தால், ஆளுக்கு ஓர் ஓட்டு நியாயமே. அப்போது அந்த வரிக்கு 'மாநிலங்களின் சராசரி' என்று பெயர் போட வேண்டும். 'இந்தியா' என்று போடுவதுதான் மோசடி.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. தகவல் வராத மாநிலத்துக்கு எதிரே குமாஸ்தா பூஜ்யம் போட்டுவிட்டால் ஆவரேஜ் அதையும் கணக்கில் சேர்த்துச் சராசரியைக் கீழே இழுக்கும். கட்டம் காலியாக இருந்தால் விட்டுவிடும். ஃபில்டர் போட்டுத் தென் மாநிலங்களை மட்டும் திரையில் நிறுத்தினாலும், ஆவரேஜ் மறைந்திருக்கும் பீகாரையும் எண்ணும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ண 'சப்டோட்டல்' வேண்டும். வரைபடத்தில் சராசரியைக் குறுக்குக் கோடாக இழுக்க நினைப்பவர்கள் அதே எண்ணைப் பக்கத்துப் பத்தியில் எல்லா மாநிலங்களுக்கும் எதிரே நிரப்பி, அந்தப் பத்தியை மட்டும் கோடாக மாற்றிக்கொள்ளலாம். கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'மக்கள்தொகை எடையுடன்' என்றோ 'எடையின்றி' என்றோ எழுத இடம் தாராளமாக இருக்கிறது.