முடியாத கதைகளும் முடிக்கத் தெரியாத நாமும்

ஆண்டு முடியும் தறுவாயில் இலக்கிய நண்பர்களிடையே ஒரு சடங்கு நடக்கிறது. அவ்வாண்டில் பார்த்தவற்றுள் பிடித்த படங்கள், பிடித்த தொடர்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் போடுவது. இம்முறை, நான் பெரிதும் மதிக்கும் தேர்ந்த வாசகர் ஒருவரின் பட்டியலில் திரைப்படங்கள் நான்கு, தொலைக்காட்சித் தொடர்கள் இருபத்தாறு. அவற்றுள் பல, ஐந்தாறு சீசன்கள் கொண்டவை. இவற்றுக்கு நடுவே எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். "இனி தனியாகப் படிப்பானேன்? இதுதான் இன்றைய நாவல். தல்ஸ்தோய் இன்று இருந்தால் தொடர்தான் எழுதியிருப்பார்" என்றார்.

தல்ஸ்தோயை இவ்வளவு எளிதாக வேலைக்கு அமர்த்தும் இந்த வாக்கியத்தைச் சில ஆண்டுகளாகவே கேட்டு வருகிறேன். அழகியல் கருத்துபோல் தோற்றம் தரும் ஒரு சமாதானம் இது என்பது என் எண்ணம். வாசிப்பைக் கைவிட்ட குற்றவுணர்வுக்கு நாமே தேடிக்கொண்ட மருந்து. இதை மறுத்தாக வேண்டும். மறுக்கும் வழியில், சென்ற ஆண்டு நான் பார்த்தவற்றுள் இன்னும் என்னை விட்டுப் போகாதவற்றையும் சொல்லிவிட முடியும்.

தொடரும் நாவலும் ஒன்று என்பவர்கள் காட்டும் ஒற்றுமைகள் மூன்று: நீளம், பாத்திரங்களின் எண்ணிக்கை, அன்றாட வாழ்வின் நுண்தகவல்கள். மூன்றும் உண்மை. ஆனால் இம்மூன்றும் ஒரு நகரசபையின் ஆவணக் காப்பகத்திலும் உண்டு. அதை யாரும் நாவல் என்பதில்லை. நாவலை நாவலாக்குவது, அதன் கடைசிப் பக்கம் முதல் பக்கத்தை மாற்றிவிடுகிறது என்பதுதான். 'அன்னா கரீனினா'வின் முதல் பாகத்தில் அன்னா மாஸ்கோவில் வந்திறங்கும்போது, ரயில் நிலையக் காவலாளி ஒருவன் ரயிலில் அடிபட்டு இறக்கிறான். முதல் வாசிப்பில் அது ஒரு விபத்து. அன்னாவின் முடிவை அறிந்தபின் அது விபத்து அல்ல. நாவலாசிரியன் தன் முடிவை நோக்கி நடப்பவன். அந்த நடையின் எடை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

தொடர் எப்படி உருவாகிறது? ஒரு சீசன் எடுக்கப்படும். பார்ப்பவர்கள் இருந்தால் அடுத்தது. இருக்கும்வரை அதற்கடுத்தது. கூட்டம் குறைந்தால், கதை எங்கே நிற்கிறதோ அங்கேயே கைவிடப்படும். ஆகவே எழுதுபவர்களின் முதற்கடமை கதையைச் சொல்வதல்ல, முடியாமல் பார்த்துக்கொள்வது. தீர்க்கப்பட்ட ஒவ்வொரு முடிச்சுக்கும் ஈடாக இரண்டு முடிச்சுகள் போட்டாக வேண்டும். 2004ல் தொடங்கிய 'லாஸ்ட்' தொடரை நினைத்துக்கொள்ளுங்கள். தீவில் விழுந்த விமானம், புதிருக்குள் புதிர். கதை எப்போது முடியும் என்று தெரியாமல் அதை நகர்த்த முடியாது என்பது மூன்றாவது சீசனுக்குள் அதை உருவாக்கியவர்களுக்கே விளங்கிவிட்டது. நிறுவனத்துடன் பேரம் பேசி, 2010ல் முடித்துக்கொள்வது என்று 2007ல் ஒப்புதல் பெற்றார்கள். ஒரு படைப்பாளி தன் கதையை முடிப்பதற்கு முதலாளியிடம் அனுமதி கேட்டு நிற்கிறான். இதையா தல்ஸ்தோயின் வாரிசு என்கிறோம்?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இன்னும் தெளிவான பாடம். 2011ல் தொடங்கியபோது அதன் அடியில் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல் வரிசை இருந்தது. அந்த வரிசை முடிந்திருக்கவில்லை. ஐந்தாவது நூல் அதே ஆண்டில் வந்தது. 2019ல் தொடர் முடிந்தபோதும் ஆறாவது நூல் வந்திருக்கவில்லை. எழுத்தாளனின் பக்கங்கள் தீர்ந்தபின்னும் தொடர் ஓடியாக வேண்டியிருந்தது. கடைசி சீசனைப் பார்த்து உலகெங்கும் எழுந்த கோபத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகப் புலம்பினார்கள். ஏமாற்றம் கடைசியில் நேர்ந்ததல்ல. இல்லாத முடிவுக்கு எட்டாண்டுகளாக வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அசலைக் கேட்ட அன்று வீடு பூட்டியிருந்தது.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் 'கோலங்கள்' ஒளிபரப்பானது. 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள். அம்மா அனேகமாக எல்லாவற்றையும் பார்த்தார். அந்த ஆறு ஆண்டுகளும் நான் அடுத்த அறையில் புத்தகத்துடன் அமர்ந்து, அம்மாவையும் அவரையொத்த பெண்களையும் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தேன். நாமெல்லோருமே செய்தோம். மெகா சீரியல் என்ற சொல் இலக்கியச் சூழலில் ஒரு வசையாகவே புழங்கியது. இழுவை, வில்லிகள், ஒவ்வொரு இரவும் முகத்தருகே உறைந்து நிற்கும் கடைசிக் காட்சி, நாளை என்ன ஆகும் என்ற தூண்டில்.

இன்று அதே நாம், அதே தூண்டிலை விழுங்கிவிட்டு அதற்குத் தத்துவ விளக்கம் எழுதுகிறோம். படப்பிடிப்பு உயர்தரம், நடிப்பு நுட்பம், உரையாடல் ஆங்கிலத்திலோ கொரிய மொழியிலோ இருக்கிறது. உள்கட்டுமானம் ஒன்றுதான்: பார்ப்பவர் இருக்கும்வரை முடியாதிருத்தல். அம்மாவாவது இரவு அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து சோறு பரிமாறப் போனார். அது நாவல் என்றோ, தான் இலக்கியம் பயில்வதாகவோ ஒருநாளும் சொல்லவில்லை. நாம் சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை ஒரு சீசனை முடித்துவிட்டு, அதைப் பண்பாட்டுச் செயல்பாடு என்கிறோம். அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நண்பர்கள் அவரவர் அம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு உடனே வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். தஸ்தயேவ்ஸ்கி தொடராகத்தானே எழுதினார்? கல்கி வாராவாரம்தானே எழுதினார்? நல்ல கேள்வி. 1879–80ல் பத்திரிகைத் தொடராக வெளிவந்த 'கரமசோவ் சகோதரர்கள்', தந்தை கரமசோவுக்குத் துயரமான சாவு நேர்ந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. பல நூறு பக்கங்கள் கழித்து நிகழப்போகும் கொலையை முன்னறிவித்துவிட்டே ஆசிரியர் கதையைத் தொடங்குகிறார். 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கோ முடிவை வரலாறே எழுதி வைத்திருந்தது. அருள்மொழி அரியணையை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. வாசகர் கடிதம் எத்தனை வந்தாலும் கல்கியால் அதை மாற்றியிருக்க முடியாது. வாரந்தோறும் எழுதுவது பிழையல்ல. எங்கே போகிறோம் என்று தெரியாமல் வாரந்தோறும் எழுதுவதுதான் பிழை.

தொடர் என்ற வடிவமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 'பிரேக்கிங் பேட்' (2008–2013) ஏன் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நாயகனுக்குப் புற்றுநோய் என்பது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது. வழியில் எத்தனை திருப்பங்களை எழுதியவர்கள் கண்டுபிடித்திருந்தாலும், மரணம் என்ற எல்லைக்கல் முதல் மணி நேரத்திலேயே நடப்பட்டுவிட்டது. 'தி வயர்' (2002–2008) வேறு வழியைக் கண்டது. பால்டிமோர் நகரின் போதைப்பொருள் தெரு, துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், நாளிதழ் என்று ஒவ்வொரு சீசனையும் தனக்கென ஒரு களம் கொண்ட முழுமையாக அமைத்தது. இரண்டும் சந்தையின் விதிக்குள் இருந்துகொண்டே அதை மீறியவை. இருபத்தாறில் எத்தனை இப்படி?

இனி நான் பார்த்தவை. எண்ணிக்கையில் குறைவு, மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, போலந்துத் தொலைக்காட்சிக்காக கீஸ்லோவ்ஸ்கி 1988ல் எடுத்த 'டெகலாக்'. வழக்கறிஞரான பியேசிவிச்சுடன் சேர்ந்து எழுதியது. வார்சாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, பத்துக் கட்டளைகள், பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் படத்தில் தந்தை ஒருவர் ஏரியின் பனி எவ்வளவு எடை தாங்கும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டு, மகனைச் சறுக்கி விளையாட அனுமதிக்கிறார். கணக்கு சரி. பனி உடைகிறது. இதை ஒரு சீசனாக நீட்டியிருந்தால், கணிப்பொறியில் யார் கைவைத்தார்கள் என்று எட்டு எபிசோடுகளுக்குத் துப்பறிந்திருப்பார்கள். கீஸ்லோவ்ஸ்கி செய்வதில்லை. அந்தத் தந்தையை, கட்டிமுடிக்கப்படாத ஒரு தேவாலயத்தில் நம்முடன் தனியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அடுத்த படங்களில் அதே குடியிருப்பின் வேறு கதவுகள் திறக்கின்றன. ஒருவரின் பெருந்துயரம் இன்னொருவரின் மின்தூக்கியில் வெறும் முகமன். பத்து மணி நேரத்துக்குப் பதினொன்றாவது மணி கிடையாது என்பதால்தான் ஒவ்வொரு மணியும் அவ்வளவு கனக்கிறது.

இரண்டாவது, கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்'. பீஷ்ம சாஹ்னியின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டு 1988ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. தடை கோரிய வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று தோற்றது. தோல் பதனிடும் நத்துவாக ஓம் புரி. ஒரு பன்றியைக் கொல்லச் சொல்லி அவன் கையில் ஐந்து ரூபாய் திணிக்கப்படுகிறது. இரவெல்லாம் அவன் அந்த மிருகத்துடன் அடைபட்ட அறையில் மல்லாடுகிறான். விடிந்ததும் மசூதிப் படியில் ஒரு பன்றி கிடக்கிறது. ஊர் எரிகிறது. பிரிவினையைப் பற்றிய கதை என்பதால் முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதுதான் அந்த அறைக்குள் நம்மை மூச்சுத் திணற வைக்கிறது. அடுத்து என்ன என்ற ஆவலுக்கு அங்கே வேலையில்லை. நம்மால் தடுக்க முடியவில்லையே என்ற தவிப்புக்குத்தான் வேலை. முன்னது பசி, பின்னது அறம். இவ்விரண்டுக்கும் இடையேதான் கேளிக்கையும் கலையும் பிரிகின்றன.

மூன்றாவது திரைப்படம். பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ' (1994), ஏழு மணி நேரத்துக்கும் மேல். 2025ல் நோபல் பரிசு பெற்ற லாஸ்லோ கிராஸ்னஹோர்க்கையின் நாவல்தான் மூலம். டாங்கோ நடனம்போல ஆறு அடி முன்னே, ஆறு அடி பின்னே என்ற அமைப்பு. மழை, சேறு, கைவிடப்பட்ட கூட்டுப்பண்ணை, மீட்பர் வந்துவிட்டார் என்று நம்பி ஏமாறும் மனிதர்கள். இறுதியில் மருத்துவர் தன் சன்னலைப் பலகையால் அடைத்து, இருளில், கதை தொடங்கிய அதே சொற்களுக்குத் திரும்புகிறார். வட்டம் மூடிக்கொள்கிறது. ஒரு சீசனின் நீளம்தான். ஆனால் எழுந்தபோது என் கையில் முழுமையான ஒரு பொருள் இருந்தது. நாவல் தரும் அனுபவத்தைத் திரையில் தேடுபவர்கள் தேட வேண்டிய இடம் இது.

நம் மரபுக்கு இது புதிதல்ல. வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவிரவாக நடக்கிறது. துரியோதனன் விழுவான் என்று தெரியாத குழந்தைகூட அந்தக் கூட்டத்தில் இல்லை. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் ஆன அவன் பேருரு மல்லாந்து கிடப்பதை ஊரே ஆண்டுதோறும் பார்த்திருக்கிறது. இருந்தும் விடிய விடிய அமர்ந்து பார்க்கிறார்கள். சூதாட்ட இரவில் தருமன் காயை உருட்டும்போது, படுகளம் அங்கேயே தெரிகிறது. முடிவு தெரிந்த கதையை மீண்டும் மீண்டும் பார்க்கத் தெரிந்த ஒரு சமூகம், 'முடிவைச் சொல்லிவிடாதே' என்று ஒருவர் வாயை ஒருவர் பொத்தும் நிலைக்கு வந்திருக்கிறது. முடிவைச் சொன்னால் செத்துவிடும் கதையை ஏன் ஒருமுறைகூடப் பார்க்க வேண்டும்?

2017ல் நெட்ஃபிளிக்ஸின் தலைவராக இருந்தவர், தங்கள் போட்டியாளர்களில் ஒன்று மனிதர்களின் தூக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மை நம்மிடம் இல்லை. அவர்கள் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அத்துடன் டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த 'போரும் வாழ்வும்' நூலைப் படிக்க வேண்டிய மாலைகளையும் நாமாகவே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு 'இன்றைய நாவல்' என்று ரசீது எழுதிக்கொள்கிறோம்.

தொடர் பாருங்கள். களைப்பில் பாருங்கள், நோயில் பாருங்கள், வெறும் மகிழ்ச்சிக்காகவும் பாருங்கள். பட்டியலும் போடுங்கள். நாவல் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: இந்தக் கதையின் முடிவு யார் கையில் இருந்தது, எழுதியவன் கையிலா, கணக்குப் பிள்ளையின் கையிலா? பதில் இரண்டாவது என்றால் அதை அம்மாவின் தொடருக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கே அதற்கு ஒரு குறையும் வராது. அம்மா இடம் கொடுப்பார்.