யார் கொடுத்த சம்மதம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்தும் கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை என்று இன்றைக்கும் பெருமையோடு சொல்லிக் கொள்கிறவர். அன்று அவர் கையில் ஒரு லாப்டாப் இருந்தது. அதைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக் கொண்டு வந்தார்.

"சார், ஒரு உபகாரம் செய்ய வேண்டும். என் பையனுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்" என்று ஆரம்பித்தார்.

தம்முடைய ஊரைப் பற்றியும் தகப்பனாரைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாளைய ஆசை. பையன் வாங்கிக் கொடுத்த லாப்டாப்பில் தமிழ் டைப் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று தேடியிருக்கிறார். வந்த பக்கத்தின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பொத்தான். அதில் 'டவுன்லோட்' என்று எழுதியிருந்தது. அதை அமுக்கினார். உண்மையான டவுன்லோட் அதற்கு நாலு விரற்கடை கீழே, பொடி எழுத்தில் இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு 'சம்மதம்', 'அடுத்து', 'அடுத்து' என்று வரிசையாக அமுக்கினார். தமிழ் வந்தது. அதன் பின்னாலேயே, அவர் கேட்காத மூன்று பேர் உள்ளே வந்து விட்டார்கள்.

மறுநாளிலிருந்து பிரௌசரைத் திறந்தால் பழைய பக்கம் இல்லை. எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஏதோ ஓர் இடத்துக்குப் போய்விட்டு வந்தது. பத்திரிகைச் செய்தி படித்தால் வரிகளுக்கு மேலே செருப்பு விளம்பரம் வந்து உட்கார்ந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையின் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் எட்டிப் பார்த்தது. பத்தாவது நாள், திரை முழுதும் சிவந்து, சங்கு ஊதிற்று: 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்கள் இருக்கின்றன. உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.' பேசினார். மறுமுனையில் இருந்தவன் எதையோ இறக்கி, யந்திரத்தை அவன் கையில் ஒப்படைக்கச் சொன்னான். அது இவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே பணத்தை மட்டும் அனுப்பச் சொன்னான். 14,000 ரூபாய் போயிற்று.

பிறகு ஒரு கடைக்கு எடுத்துக் கொண்டு போயிருக்கிறார். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம் சார், 1,500 ஆகும்" என்றார்களாம். அதற்குள் அவர் தகப்பனாரைப் பற்றி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதுவும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்து, திரும்பத் தூக்கிக் கொண்டு வந்துவிட்டார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டு, "தப்பு என்னுடையதுதான் சார். 'சம்மதம்' என்று நான்தானே அமுக்கினேன்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியந்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

விளம்பரத் தொழிலில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "உன் கதை வருகிற பத்திரிகையே விளம்பரத்தில்தானே நடக்கிறது? இனாமாக ஒன்று வாங்கினால் பதிலுக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். தவிர, பெரியவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். ஜாக்கிரதையாக இருக்கிறவனுக்கு இதெல்லாம் வராது" என்றார். இந்த நியாயங்களை நாட்டில் பலரும் பேசுகிறார்கள். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்கிறேன்.

முதலில், விளம்பரம். எனக்கு விளம்பரத்தின்மேல் விரோதம் கிடையாது. இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் நல்லெண்ணெய் விளம்பரம் ஒன்று இருக்கலாம். இதற்கு எனக்குக் கிடைக்கும் சன்மானத்தில் அந்த எண்ணெய்க்காரரின் பங்கும் இருக்கும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த விளம்பரம் 'நான் விளம்பரம்' என்று நெற்றியில் எழுதிக் கொண்டு நிற்கிறது. பக்கத்தைப் புரட்டினால் போய்விடுகிறது. பத்திரிகையை மடித்து வைத்த பிறகு அது எழுந்து வந்து உங்கள் பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை. நீங்கள் எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று பின்னாலேயே வந்து குறிப்பெடுப்பதில்லை. ஆட்வேர் என்று பெயர் சூட்டிக் கொண்டிருக்கும் இந்த விளம்பரச் சாஃப்ட்வேர்களில் பல செய்வது அதைத்தான். விளம்பரம் என்பது கதவுக்கு வெளியே நின்று கூவுகிறவன் குரல். பூட்டைத் திறந்து கொண்டு உள்ளே வருகிறவனுக்கும் அதே பெயரைக் கொடுக்க வேண்டும் என்று என் நண்பர் கேட்கிறார். நான் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, இனாம். தன் ஜன்னலுக்குள் மட்டும் விளம்பரம் காட்டி, வேண்டாம் என்று நீக்கினால் சுவடில்லாமல் போய்விடுகிற இனாம் சாஃப்ட்வேர்கள் உண்டு. அது யோக்கியமான பேரம். விலையை முன்னாலேயே சொல்லாதது பேரமல்ல. அதிலும், இந்த விலையை வாங்குகிறவன் அந்தச் சாமானைச் செய்தவனாகவே இருக்க வேண்டியதில்லை! கிம்ப் என்று ஒரு படம் திருத்தும் சாஃப்ட்வேர். உலகத்துக்கே தானமாகச் செய்து கொடுக்கப்படுவது. அதைச் செய்கிறவர்கள், சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தில் பொய்யான டவுன்லோட் பொத்தான்களாக விளம்பரங்கள் வருகின்றன என்று சொல்லி 2013-ல் அங்கிருந்து விலகினார்கள். 2015-ல் அந்தத் தளம், அவர்கள் விட்டுப்போன கணக்கைத் தானே எடுத்து நடத்தி, கிம்ப்போடு விளம்பரச் சரக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. பெரிய கண்டனம் எழுந்த பிறகு நிறுத்திக் கொண்டது. 2016-ல் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் இப்படிச் சேர்த்துக் கட்டும் ஏற்பாட்டையே ஒழித்தார்கள். ஒருவன் தண்ணீர்ப் பந்தல் வைக்க, வேறொருவன் அந்தப் பானையில் தன் சரக்கைக் கலப்பதற்கு இனாமின் பெயரால் நியாயம் பேசலாமா?

மூன்றாவது, சம்மதம். இதுதான் அவர்களுடைய பெரிய கேடயம். ஒரு தேசப் பிரசித்தமான வழக்கைச் சொல்கிறேன். 2014-ல் லெனோவோ கம்பெனி அமெரிக்காவில் விற்ற சில லாப்டாப்களில், சூப்பர்ஃபிஷ் என்ற கம்பெனியின் விளம்பரச் சாஃப்ட்வேரை முன்கூட்டியே வைத்து விற்றது. வாங்கியவர் எந்தப் பச்சைப் பொத்தானையும் அமுக்கவில்லை. எந்தப் பக்கத்திலும் ஏமாறவில்லை. பணம் கொடுத்துப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே அது உட்கார்ந்திருந்தது. 'ஜாக்கிரதையாக இருக்கிறவனுக்கு வராது' என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அதன் வேலையைக் கேளுங்கள். வங்கியோடும் கடையோடும் நாம் பேசுவது பிறருக்கு விளங்காதபடி, பிரௌசர் சங்கேதமாக அனுப்புகிறது. இந்தச் சாஃப்ட்வேர் நடுவில் நின்று அந்தச் சங்கேதத்தை அவிழ்த்து, தன் விளம்பரத்தைச் செருகி, மறுபடி கட்டி அனுப்பிற்று. அதற்காக யந்திரத்தில் தன் சொந்த முத்திரையை நம்பிக்கைக்கு உரியதாகப் பதித்து வைத்தது. அந்த முத்திரையின் ரகசியச் சாவி எல்லா லாப்டாப்களிலும் ஒன்றே! அதற்கு இருந்த பாஸ்வேர்டோ சுலபமாக உடைக்கக் கூடியது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியானது. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2017-ல் தன் புகாரில் சொன்னது இது: முதல் தடவை கடைப் பக்கம் திறக்கும்போது ஒரு சின்ன ஜன்னல் வரும், அதன் மூலையில் இருக்கும் 'மூடு' குறியை அமுக்கினாலும், வேறெங்காவது அமுக்கினாலும், சம்மதம் கொடுத்ததாகவே கணக்கு. அதாவது, கதவைச் சாத்தினாலும் 'உள்ளே வா' என்று அர்த்தம்! கம்பெனி 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக் கொண்டது.

இப்போது சொல்லுங்கள். பெரியவர் அமுக்கிய 'சம்மதம்' எந்த ஜாதிச் சம்மதம்? எழுதப் படிக்கத் தெரியாதவனின் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்துப் பத்திரத்தில் வைத்துக் கொண்ட லேவாதேவிக்காரனும், 'ரேகை அவனுடையதுதானே' என்றுதான் கேட்டான்.

நம் நாட்டிலும் சட்டம் வாய் மூடி இருக்கவில்லை. யந்திரத்தின் சொந்தக்காரர் அனுமதியில்லாமல் அதில் கெடுதலான சரக்கைப் புகுத்தினால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவில் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பதின்மூன்று விதத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விளம்பரத்தை வேறு வேஷத்தில் மறைப்பதும், வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திப் பணம் பிடுங்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியானால் குற்றவாளி யார்? துண்டில் சுற்றிக் கொண்டு வந்தவரா?

ஆனால் வாசகர்களே, பழி அவர்களுடையது என்பதனால் வேலை நம்முடையதல்ல என்று ஆகிவிடாது. வீட்டில் திருடன் புகுந்தால் திட்டிக் கொண்டே உட்கார்ந்திருப்போமா? அன்று மாலை நானும் பெரியவரும் உட்கார்ந்து அதைத் துப்புரவு செய்தோம். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. யந்திர சாஸ்திரம் தெரிந்தவனும் அல்ல. எங்களுக்கு இரண்டு மணி நேரமும் இரண்டு டம்ளர் காப்பியுந்தான் செலவாயிற்று.

முதல் வேலையாக, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அவருடைய வங்கிக்கும் தகவல் கொடுத்தோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் மீள வழியுண்டு. வெட்கத்தால் அவர் நாளைக் கடத்தியதுதான் எனக்கு வருத்தம். பிறகு இருபத்திரண்டு பக்கங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தோம்.

அடுத்து, விண்டோஸின் செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆனவற்றின் பட்டியலைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கினோம். பச்சைப் பொத்தானை அமுக்கிய அதே தேதியில் நாலு பெயர்கள் நின்றன. தமிழை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் நீக்கினோம். 'போகிறேன், ஆனால் நிச்சயமாகத்தானா?' என்று ஒன்று இரண்டு தரம் கேட்டது. பிரௌசரில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்த்து, நாங்கள் வைக்காததை எடுத்தோம். தேடுபொறியையும் முதற்பக்கத்தையும் பழையபடி மாற்றினோம். மூலையில் எட்டிப் பார்த்த ஜன்னல் எதுவென்று பார்த்தால், என்றோ ஒரு பக்கம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' என்று கேட்க, இவர் 'சரி' என்றிருக்கிறார். பிரௌசரின் செட்டிங்ஸில் அந்த அனுமதியை ரத்து செய்தோம். ஜன்னல் அன்றோடு மூடிற்று. பிறகு விண்டோஸிலேயே இருக்கும் பாதுகாப்புப் பகுதியால் முழுச் சோதனை போட்டோம். வேண்டாத சாஃப்ட்வேர்களைத் தடுக்கும் ஒரு விசை அதற்குள்ளேயே இருக்கிறது. அதையும் போட்டு வைத்தோம். கடைசியில் மால்வேர்பைட்ஸ் கம்பெனி இனாமாகத் தரும் ஆட்வ்கிளீனரை, அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டினோம். நோய்க்கு மருந்து தேடுகிற இடத்திலும் போலி வைத்தியன் கடை விரித்திருப்பான். ஆகவே சொந்தத் தளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

போனில் பேசியவன் கையில் பெரியவர் யந்திரத்தை ஒப்படைத்திருந்தால் இவ்வளவு போதாது. எழுதியவற்றைப் பிரதி எடுத்துக் கொண்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதுதான் பத்திரம். பாஸ்வேர்டுகளையும் வேறு யந்திரத்திலிருந்து மாற்ற வேண்டும். அவருக்குப் பிடிபடாமல் போனதே அவரைக் காப்பாற்றிற்று.

இனிமேல் வராமல் இருக்க? எதையும் செய்தவனுடைய தளத்திலிருந்து எடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது சுருக்கு வழியை விட்டு, விவரமாகச் செல்லும் வழியைத் தேர்ந்து, முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் டெலிபோன் எண் வரவே வராது. எண் வந்தால் பொய் என்று அறியுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக் கொள்ளாதீர்கள். கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற நாம், திரையில் நாலு வரி படிக்கப் பொறுமையில்லாமல் 'அடுத்து' என்று அமுக்குகிறோம். காசு கொடுத்து வாங்க வேண்டியதைத் திருட்டுப் பிரதியாக இறக்கிவிட்டு, அதோடு திருடன் வந்தான் என்று அழுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

பெரியவருக்கு நான் ஒரு நிபந்தனை போட்டேன்: பையனிடம் சொல்லிவிட வேண்டும். மறுநாள் மாடிக்கு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"சொன்னேன் சார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, 'அப்பா, என் லாப்டாப்பிலும் மூன்று மாதமாக இதே தொல்லைதான், ஆபீஸில் கேட்க வெட்கமாக இருந்தது' என்கிறான்!"

பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர் எஞ்சினீயர்.

அப்பாவும் பிள்ளையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வெட்கப்பட்டுக் கொண்டிருக்கிறார்கள். பச்சைப் பொத்தானை அங்கே வைத்தவனோ கொஞ்சமும் வெட்கப்படாமல் அடுத்த வீட்டுக்குப் போய்க் கொண்டிருக்கிறான். இந்த வியாபாரம் நம் அறியாமையால் மட்டும் நடக்கவில்லை. நம் வெட்கத்தாலும் நடக்கிறது. அகப்பட்டுக் கொண்டவர்கள் வாய் திறந்து சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், 1930-க்குச் சொல்லுங்கள்.

விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது, வெளியே தேடவே வேண்டியதில்லை என்று பெரியவருக்கு அப்போதுதான் காட்டிக் கொடுத்தேன். அவர் இருபத்து மூன்றாவது பக்கத்தை அதில் எழுதிக் கொண்டிருக்கிறார்.